பாஸ்பேட் எந்த செரினில்?

ஹீலா செல்களுக்கு ஒரு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்து, அடுத்த இருபது நிமிடங்களில் அவற்றின் புரதங்களில் எங்கெல்லாம் பாஸ்பேட் ஏறுகிறது, எங்கெல்லாம் இறங்குகிறது என்று கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2006-இல் ‘செல்’ இதழில் வெளியானது. டென்மார்க்கின் ஒடென்சே நகரில் பல ஆண்டுகள் இயங்கிய மத்தியாஸ் மன் குழுவினரின் வேலை அது. முதல் ஆசிரியரான யெஸ்பர் ஓல்சன் பின்னர் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 2,244 புரதங்களில் சுமார் 6,600 இடங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. அதுவரை ஒரு புரதத்தில் ஒரு பாஸ்பேட் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கவே ஆண்டுக்கணக்கில் ஆய்வுக்கூடத்தில் உழைக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு பெரிய பட்டியலைப் பார்த்ததும் எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த இடங்கள் சரிதான் என்று எப்படித் தெரியும்? இந்தக் கணக்கெடுப்பைச் செய்யும் கருவியான நிறைமாலைமானி அளப்பது எடையைத்தான். புரதத்தின் சிறு துண்டான பெப்டைடு ஒன்றில் ஒரு பாஸ்பேட் சேர்ந்தால் அதன் நிறை 79.966 டால்டன் கூடும். செரின் என்ற அமினோ அமிலம் அடுத்தடுத்து மூன்று முறை வரும் பெப்டைடில் பாஸ்பேட் முதலாவதில் இருந்தாலும் மூன்றாவதில் இருந்தாலும் மொத்த எடை ஒன்றுதான். பெப்டைடை உடைத்துத் துண்டுகளை எடைபோட்டால் இடம் தெரியவரும். ஆனால் உடைக்கும்போது பாஸ்பேட்டே முதலில் கழன்று, 98 டால்டன் எடையுள்ள பாஸ்பாரிக் அமிலமாகப் போய்விடுவது அடிக்கடி நடக்கும். அப்போது எஞ்சுவது நிகழ்தகவுக் கணக்கு. அந்தக் கணக்கை உரசிப் பார்க்க நம்பகமான வழி ஒன்றுதான்: முதல் செரினில் பாஸ்பேட் உள்ள பெப்டைடு ஒன்று, இரண்டாவதில் உள்ளது ஒன்று, மூன்றாவதில் உள்ளது ஒன்று என்று தனித்தனியாகச் செய்து கருவிக்குள் அனுப்பி ஒப்பிடுவது. செல் எழுதியதை வாசித்துவிட்டோம் என்று சொல்ல, அதே எழுத்தை நாமும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். பெப்டைடில் பாஸ்பேட்டை ஏற்றும் வேதியியலின் முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது. புகழ் வரைபடங்களுக்குப் போகிறது. அவற்றை நம்பலாமா என்பதைத் தீர்மானிப்பதோ பெப்டைடு செய்பவரின் கைவேலை. அந்தக் கைவேலை போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பாஸ்பேட் செய்யும் காரியம் பெரியது. மின்னூட்டம் இல்லாத ஒரு செரின், பாஸ்பேட் ஏறியதும் செல்லின் சூழலில் கிட்டத்தட்ட இரண்டு எதிர் மின்னூட்டம் கொண்டதாகிவிடுகிறது. அதனால் புரதத்தின் மடிப்பு மாறும். அதுவரை ஒட்டாத இன்னொரு புரதம் வந்து ஒட்டும். உறங்கிக்கிடந்த நொதி விழிக்கும். ஏற்றும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். மனித மரபணுத் தொகுதியில் அவை 518 என்று 2002-இல் கணக்கிட்டார்கள். இறக்கும் நொதிகள் பாஸ்பட்டேஸ்கள். கைனேஸ் ஒன்று கட்டுக்கடங்காமல் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவகை ரத்தப் புற்றுநோய் சாட்சி. அந்தக் கைனேஸை அடக்கும் மருந்துதான் கிளீவெக். அதற்குக் காப்புரிமை கொடுக்க முடியாது என்று 2006-இல் முதலில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2013 ஏப்ரலில் முடிந்தது. டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறுவதைத் தடுக்கும் ஒரு மருந்தைச் சுற்றித்தான் அத்தனை வாதமும்.

டென்மார்க்குக்கும் இந்தப் பொருளுக்கும் உள்ள உறவு பாலில் தொடங்குகிறது. பாலின் முக்கியப் புரதமான கேசினில் பாஸ்பரஸ் இருப்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஸ்வீடனின் ஒலோஃப் ஹாமர்ஸ்டன் காட்டியிருந்தார். தண்ணீரில் கரையக்கூடியதைவிடப் பல மடங்கு கால்சியத்தைப் பால் சுமப்பதற்குக் காரணம் கேசினில் கொத்தாக அமைந்த பாஸ்பேட்டுகள்தான். உறை ஊற்றிய பால் புளிக்கும்போது அமிலம் கூடி, கால்சியம் பாஸ்பேட் அந்தப் பிடியிலிருந்து கரைந்து வெளியேறுகிறது, பி.எச். 4.6-ஐ நெருங்கும்போது கேசின் திரண்டு தயிராகிறது. பி.எச். என்ற அளவுகோலே கோபன்ஹேகனில் பிறந்தது. மதுபான ஆலை அதிபர் ஜே. சி. யாகொப்சன் 1875-இல் தொடங்கிய கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில், 1909-இல் அதை வகுத்தவர் எஸ். பி. எல். சோரன்சன். அவருக்குப் பின் அங்கே வேதியியல் துறையை நடத்திய லிண்டர்ஸ்ட்ராம்-லாங், கேசின் ஒரே புரதம் அல்ல, பல புரதங்களின் கலவை என்பதை 1920களில் பிரித்துக் காட்டினார். புரதக் கட்டமைப்பை முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை என்று வகுத்தவரும் அவர்தான்.

பாஸ்பேட் கேசினில் எங்கே ஒட்டியிருக்கிறது என்ற கேள்விக்கு விடை சொன்னவர் ஃபிரிட்ஸ் லிப்மன். ஜெர்மனியில் பிறந்த யூதர். 1932-இல் நியூயார்க்கில் ஃபீபஸ் லெவீனுடன் சேர்ந்து, முட்டை மஞ்சள் கருப் புரதத்தை அமிலத்தில் சிதைத்து, செரினும் பாஸ்பாரிக் அமிலமும் இணைந்த பொருளைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டு கேசினிலிருந்தும் அதே பொருள் கிடைத்ததை வெளியிட்டார். 1932 முதல் 1939 வரை அவருக்குப் புகலிடம் தந்தது கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் அறக்கட்டளையின் உயிரியல் நிறுவனம். அதே நகரில் அதே ஆண்டுகளில் ஐனார் லுண்ட்ஸ்கோரும் ஹெர்மன் கால்கரும் தசையிலும் சிறுநீரகத் திசுவிலும் பாஸ்பேட்டின் போக்குவரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். உயிரின் ஆற்றல் கணக்கைப் பாஸ்பேட்டில் எழுதும் பழக்கத்துக்கு அந்த நகரத்தின் பங்கு பெரிது. போர் நெருங்கியதும் லிப்மனும் கால்கரும் அமெரிக்கா போனார்கள். 1953-இல் லிப்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது; அது வேறொரு கண்டுபிடிப்புக்காக.

இனி கைவேலைக்கு வருவோம். புரதத்தில் பாஸ்பேட்டைச் சேர்க்கத் தொடக்கத்தில் செய்த முயற்சிகள் முரட்டுத்தனமானவை. 1940களின் இறுதியில் புரதத்தைப் பாஸ்பாரிக் அமிலமும் பாஸ்பரஸ் பென்டாக்சைடும் கலந்த குழம்பில் ஊறவைத்துப் பார்த்தார்கள். பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடு இன்னொரு வழி. இரண்டிலும் பாஸ்பேட் ஏறும், ஆனால் கண்ட இடத்திலும் ஏறும். இரண்டாவது வழியில் லைசினின் அமினோ தொகுதியைக்கூட விடாது. உணவுப் புரதத்தின் கரைதிறனைக் கூட்ட நினைப்பவருக்கு அது போதும். பதினெட்டாவது செரினில் மட்டும் வேண்டும், பதினேழாவதில் கூடாது என்பவருக்கு அது பயன்படாது. செல்லுக்குள் கைனேஸ் அக்கம்பக்கத்து அமினோ அமிலங்களைத் தடவிப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. வேதிப்பொருளுக்கு அந்தக் கண் கிடையாது. சுவருக்கு வண்ணம் அடிப்பவர் கதவுக்கும் ஜன்னலுக்கும் தாள் ஒட்டி மறைப்பதைப்போல, வேண்டாத இடங்களையெல்லாம் மூடிவைத்துவிட்டு வேண்டிய ஒன்றை மட்டும் திறந்து வைப்பதே வேதியியலர் கண்ட வழி. மூடும் பொருளுக்குக் காப்புத் தொகுதி என்று பெயர்.

பெப்டைடு செய்யும் இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அடியில் நுண்துளைத் தட்டு பொருத்திய பிளாஸ்டிக் ஊசிக்குழல். அதற்குள் வெளிறிய ரெசின் மணிகள். புரூஸ் மெரிஃபீல்டு 1963-இல் கொண்டுவந்த முறைப்படி, பெப்டைடின் ஒரு முனை இந்த மணிகளில் கட்டப்பட்டிருக்கும். கரைப்பானை உறிஞ்சி மணிகள் உப்பும். ஒரு அமினோ அமிலத்தைச் சேர்ப்பது, கழுவுவது, அதன் தலையில் இருக்கும் எஃப்மாக் என்ற மூடியைப் பிப்பெரிடின் கரைசலால் கழற்றுவது, மீண்டும் கழுவுவது, அடுத்த அமினோ அமிலம். இணைப்பு முழுமையாக நடந்ததா என்று பார்க்கச் சில மணிகளைச் சிறு கண்ணாடிக் குழாயில் எடுத்து, நின்ஹைட்ரின் சொட்டுகள் விட்டுச் சூடாக்குவார்கள். நீலம் வந்தால் இணைப்பு பாக்கி இருக்கிறது. மஞ்சளாகவே இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். பிப்பெரிடின் முதன்முதலில் கிடைத்தது, மிளகுக்குக் காரம் தரும் பிப்பெரினைச் சிதைத்தபோது. அந்தப் பிப்பெரினை மிளகிலிருந்து 1819-இல் பிரித்தெடுத்தவர் கோபன்ஹேகனின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட். அடுத்த ஆண்டே மின்சாரம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டு உலகப் புகழ் பெற்றவர். மிளகு வணிகத்துக்காக டேனியர் 1620-இல் தரங்கம்பாடிக்கு வந்து கோட்டை கட்டியதும், 1845-இல் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனதும் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த கதை.

அந்தப் பிப்பெரிடின்தான் பாஸ்போசெரினுக்குப் பகையாக வந்தது. செரினில் பாஸ்பேட்டை முன்கூட்டியே ஏற்றி, அந்தப் பாஸ்பேட்டின் இரண்டு அமில முனைகளையும் பென்சைல் போன்ற தொகுதிகளால் மூடி, அந்தச் செரினைச் சங்கிலியில் கோப்பது இயல்பாகத் தோன்றும் வழி. கோத்தபின் எஃப்மாக்கைக் கழற்றப் பிப்பெரிடின் ஊற்றினால், அந்தக் காரம் செரினின் முதுகெலும்புக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடும். அதே நொடியில் பாஸ்பேட் கழன்று விழும். எஞ்சுவது இரட்டைப் பிணைப்புள்ள டிஹைட்ரோஅலனின். அதில் பிப்பெரிடினே போய் ஒட்டிக்கொள்ளும். இருபது படி ஏறிச் செய்த பெப்டைடில் தேவையான ஒரே பொருள் காணாமல் போய்விடும்.

இதற்குத் தீர்வாக இரண்டு பாதைகள் வளர்ந்தன. ஒரு பாதைக்காரர்கள் சொன்னது: பாஸ்பேட்டைக் கடைசிவரை தொடவே வேண்டாம். முழுப் பெப்டைடையும் ரெசின் மேலேயே கட்டி முடிப்போம். பாஸ்பேட் வேண்டிய செரினின் ஹைட்ராக்சிலை மட்டும் மூடாமல் விடுவோம். இறுதியில் அங்கே ஏற்றுவோம். ஏற்றுவதற்கான வினைப்பொருளை டி.என்.ஏ. செய்பவர்களிடமிருந்து கடன் வாங்கினார்கள். முழுதும் ஆக்சிஜனேற்றம் அடைந்த பாஸ்பரஸ் சேர்மங்கள் ஹைட்ராக்சிலோடு மெதுவாகவே வினைபுரியும். ஒரு படி குறைந்த நிலையில் உள்ள பாஸ்பரமிடைட்டுகள் வெகு வேகமானவை. 1981-இல் பொகாஜும் கேரதர்ஸும் டி.என்.ஏ.வுக்காக அவற்றைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் ஆஸ்திரேலியாவின் பெரிச், ஜான்ஸ் முதலியோர் அவற்றைப் பெப்டைடுக்கு எடுத்துக்கொண்டார்கள். டெட்ரசோல் என்ற மென்மையான அமிலம் பாஸ்பரமிடைட்டைத் தூண்டிவிடும். அது செரினோடு சேரும். பிறகு பெராக்சைடு போன்ற ஒன்றால் பாஸ்பரஸை ஒரு படி ஆக்சிஜனேற்றம் செய்தால் பாஸ்பேட் தயார். சிக்கல் அந்தக் கடைசிப் படியில் இருக்கிறது. பாஸ்பரஸுக்காக ஊற்றும் ஆக்சிஜனேற்றி, பக்கத்தில் மெத்தியோனினோ சிஸ்டீனோ டிரிப்டோஃபனோ இருந்தால் அவற்றையும் பதம் பார்த்துவிடும். ஆக்சிஜனேற்றம் முழுமையடையாவிட்டால் எச்-பாஸ்பனேட் என்ற கழிவுப் பொருள் கூடவே வரும். போதாக்குறைக்கு டெட்ரசோல் வெடிக்கக்கூடியது என்பதால் அதை அனுப்புவதிலும் கட்டுப்பாடுகள்.

மற்றப் பாதைக்கு வழி திறந்தது 1994-இல் ஜப்பானின் வகமியா குழு. பாஸ்பேட்டின் இரண்டு முனைகளில் ஒன்றை மட்டும் பென்சைலால் மூடி, மற்றதை அமிலமாகவே விட்டார்கள். காரம் ஊற்றியதும் அந்தத் திறந்த முனை தன் ஹைட்ரஜனை விட்டு எதிர் மின்னூட்டம் பெறும். எதிர் மின்னூட்டம் சுமக்கும் பாஸ்பேட் எளிதில் கழன்று ஓடாது. மூடினால்தான் பாதுகாப்பு என்ற பெப்டைடு வேதியியலின் பழக்கத்தையே புரட்டிப்போட்ட யோசனை அது. பாதி திறந்திருப்பதே காப்பாக நின்றது. இந்தத் துறையில் நான் மிக அழகானதாகக் கருதும் தீர்வும் இதுதான். இன்று பாஸ்போசெரின் உள்ள பெப்டைடு வேண்டுமென்றால் பெரும்பாலும் இந்த அமினோ அமிலத்தையே வாங்கிக் கோக்கிறார்கள். டைரோசினுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் பாஸ்பேட் வளையத்தோடு பிணைந்திருப்பதால் அப்படிக் கழன்று விழ வழியில்லை. ஆனால் கேசினில் இருப்பதைப்போல மூன்று பாஸ்போசெரின்கள் அடுத்தடுத்து வரும் பெப்டைடைச் செய்வது இன்றும் கடினமான வேலை. பருமனும் மின்னூட்டமும் சேர்ந்து ஒவ்வொரு இணைப்பையும் இழுத்தடிக்கும்.

இந்தப் பெப்டைடு வேதியியலில் டென்மார்க்கின் பெயர் மோர்டன் மெல்டாலோடு சேர்ந்தது. கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் கிளவுஸ் பொக்குடன் சேர்ந்து 1990களில் அவர் குழு செய்தவற்றில், பாஸ்பேட் ஏறிய மன்னோஸ் சர்க்கரையைச் சுமக்கும் பெப்டைடுகளும் உண்டு. செல்லுக்குள் லைசோசோமுக்குப் போக வேண்டிய நொதிகளுக்கு முகவரிச் சீட்டாக இருப்பது அந்த மன்னோஸ் பாஸ்பேட்தான். 1992-இல் மெல்டால் வெளியிட்ட பேகா என்ற ரெசின் தண்ணீரிலும் நன்றாக உப்பும். மணிக்குள் நொதிகளே நுழைந்து வேலை செய்ய முடியும். வேதியியலர் கட்டிய பெப்டைடை மணியிலிருந்து கழற்றாமலே உயிரியலர் கையில் கொடுக்க அது வழிவிட்டது. அந்த யோசனையின் இன்னொரு வடிவம் 2006-இல் வந்தது. கோபன்ஹேகனின் கனுட் யென்சனும் ஒடென்சேயின் ஓலே நோரெகார்ட் யென்சனும் இருந்த குழு, பாஸ்பேட் உள்ள பெப்டைடை மணியின் மேலேயே செய்து, அந்த மணியையே தூண்டிலாக்கிச் செல் சாற்றுக்குள் போட்டது. பாஸ்பேட்டைத் தேடிவந்து ஒட்டும் புரதங்களை இப்படிப் பிடித்து, நிறைமாலைமானியில் அடையாளம் காணலாம்.

ஒடென்சேயில் வாசிக்கும் வேலையும் உடன் வளர்ந்தது. செல்லில் உள்ள பெப்டைடுகளில் பாஸ்பேட் உள்ளவை மிகச் சிறுபான்மை; அவற்றைப் பிரித்தெடுக்காவிட்டால் கருவியின் கண்ணில் படாது. மார்ட்டின் லார்சன், பீட்டர் ரோப்ஸ்டோர்ஃப் முதலியோர் 2005-இல் வெளியிட்ட முறையில், மிக மெல்லிய பிப்பெட் முனைக்குள் டைட்டானியம் டை ஆக்சைடு மணிகளை அடைத்துச் சில மில்லிமீட்டர் நீளத் தூண் ஒன்றைக் கட்டுவார்கள். வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை தரும் அதே பொருள்தான். அமிலக் கரைசலில் பெப்டைடுகளை அதன் வழியே தள்ளினால் பாஸ்பேட் உள்ளவை ஒட்டிக்கொள்ளும். அமிலத்தன்மை மிகுந்த வேறு பெப்டைடுகளும் ஒட்டப் பார்க்கும்; டைஹைட்ராக்சி பென்சாயிக் அமிலத்தைக் கலந்து அவற்றை விலக்கினார்கள். பிறகு அம்மோனியா கலந்த நீரால் கழுவினால் பாஸ்போபெப்டைடுகள் இறங்கிவரும். முறை வேலை செய்கிறதா என்று சோதிக்க அவர்கள் எடுத்த புரதங்களில் ஒன்று கேசின். எண்பது ஆண்டு இடைவெளியில் கார்ல்ஸ்பெர்க்கிலும் ஒடென்சேயிலும் உரைகல் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

கேசினின் பாஸ்பேட் இடங்கள் முன்பே தெரிந்தவை என்பதால் அது உரைகல்லாக முடிந்தது. இடம் தெரியாத ஆயிரக்கணக்கான பெப்டைடுகளுக்கு உரைகல்லைச் செய்துதான் ஆக வேண்டும். 2013-இல் மியூனிக்கில் பெர்ன்ஹார்ட் கூஸ்டர் குழு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெப்டைடுகளையும் அவற்றின் பாஸ்பேட் ஏறிய இணைகளையும் செயற்கையாகச் செய்து பொதுப் பயன்பாட்டுக்கு வைத்தது. இடத்தைக் கணிக்கும் மென்பொருள்கள் எங்கே தடுமாறுகின்றன என்பதை விடை தெரிந்த இந்தப் பெப்டைடுகளைக் கொண்டு அளக்கலாம்.

இதுவரை சொன்ன முறைகள் எல்லாம் ஒரு இடத்தில் குருடாகின்றன. டைட்டானியத் தூணும் அமிலத்தில் இயங்குகிறது. ரெசினிலிருந்து பெப்டைடைக் கழற்றுவதும் அடர்ந்த டிரைபுளோரோ அசிட்டிக் அமிலத்தில்தான் நடக்கிறது. செரின், திரியோனின், டைரோசின் பாஸ்பேட்டுகள் இதைத் தாங்கும். ஹிஸ்டிடினின் நைட்ரஜனில் ஏறும் பாஸ்பேட் தாங்காது. அமிலம் பட்டதும் கழன்றுவிடும். அஸ்பார்ட்டிக் அமிலத்தில் ஏறுவதும் நிலையற்றதே. இவை அற்பமானவை என்று ஒதுக்க முடியாது. ஆர்ஹுஸில் யென்ஸ் ஸ்கோ 1957-இல் நண்டின் நரம்பில் கண்டுபிடித்த சோடியம் பொட்டாசியம் பம்ப், ஒவ்வொரு சுற்றிலும் தன் அஸ்பார்ட்டிக் அமிலம் ஒன்றில் பாஸ்பேட்டை ஏற்றி இறக்கித்தான் இயங்குகிறது. 1997-இல் ஸ்கோவுடன் வேதியியல் நோபலைப் பகிர்ந்த பால் போயர்தான் 1962-இல் பாஸ்போஹிஸ்டிடினைக் கண்டவர். அதே ஆர்ஹுஸில் போல் நிஸன் குழு 2007-இல் அந்தப் பம்பின் வடிவத்தைப் படிகத்தில் பார்த்தபோது, உண்மையான பாஸ்பேட் இருந்த இடத்தில் அதைப்போல நடிக்கும் மெக்னீசியம் புளோரைடை வைக்க வேண்டியிருந்தது.

ஹிஸ்டிடினுக்கும் அப்படி ஒரு நடிகரைத் தேடினார்கள். கிடைத்த வழி மறுபடியும் கார்ல்ஸ்பெர்க்கிலிருந்து வந்தது. அசைடும் அல்கைனும் செம்பின் முன்னிலையில் சேர்ந்து டிரையசோல் வளையமாவதை மெல்டாலும் அவர் மாணவர் கிறிஸ்டியன் டோர்னோவும் 2002-இல் வெளியிட்டிருந்தார்கள். மெல்டாலுக்கு 2022-இல் நோபல் பெற்றுத்தந்த வினை அது. டிரையசோல் வளையம் பார்வைக்கு ஹிஸ்டிடினின் வளையத்தை ஒத்தது. பாஸ்பரஸை அந்த வளையத்தின் கார்பனோடு பிணைத்துவிட்டால் அமிலத்தில் கழலாது. 2010-இல் அமெரிக்காவில் டாம் முயர் குழு அசைடு-அல்கைன் வினையால் அத்தகைய அமினோ அமிலங்களைச் செய்து பெப்டைடில் கோத்தது. பாஸ்போஹிஸ்டிடின் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்றைப்போல நடிப்பதைச் செய்யச் செம்பும், மற்றதற்கு ருத்தேனியமும் உதவின. அந்தப் பெப்டைடு வகைகளைக் காட்டி, 2015-இல் டோனி ஹன்டர் குழு இரண்டு வடிவங்களையும் பிரித்தறியும் எதிர்ப்புரதங்களை உருவாக்கியது. 1979-இல் பாஸ்போடைரோசினைக் கண்டுபிடித்தவர் அதே ஹன்டர். பி.எச். 1.9 இருக்க வேண்டிய பழைய கரைசல் 1.7-க்கு இறங்கியிருந்ததால்தான் அப்போது டைரோசினின் பாஸ்பேட் திரியோனினுடையதிலிருந்து தனியாகப் பிரிந்து தெரிந்தது. அமிலம் அன்று அவருக்கு டைரோசினைக் காட்டிக்கொடுத்தது. ஹிஸ்டிடினைப் பார்க்கவோ அமிலமே படாத முறைகளும், வேதியியலர் கையால் செய்த அந்தப் பெப்டைடுகளும் தேவைப்பட்டன.